மூணாங்கை

ஜூன் 3, திங்கள்

புத்தாண்டுக்குக் கம்பெனி கொடுத்த டைரி இது. ஐந்து மாதமாகப் பீரோவின் மேல் கிடந்ததை இன்றைக்குத்தான் இறக்கித் துடைத்தேன். காரணம் பர்ஹானா மிஸ்.

சூப்பர்வைசர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க மூன்று வாரத்துக்கு ஒரு பெண்ணை வரவழைத்திருக்கிறார்கள். வாணியம்பாடிப் பெண். இருபத்தாறு வயதுக்கு மேல் இருக்காது. மதியச் சாப்பாடு முடிந்து முக்கால் மணி நேரம், கேன்டீனுக்குப் பின்னால் இருக்கும் ஸ்டோர் அறையில் வகுப்பு. நாங்கள் ஆறு பேர். எல்லோருக்கும் கண் சொக்குகிற நேரம். "டெய்லி டைரி எழுதுங்க. இங்கிலீஷ்ல வர்ற வரைக்கும் இங்கிலீஷ், வராததத் தமிழ்ல எழுதுங்க. நான் வாங்கிப் பாக்க மாட்டேன்" என்றாள். வாங்கிப் பார்க்க மாட்டேன் என்று ஒருத்தி கேட்காமலே சொன்னால், பார்க்கப் போகிறாள் என்று அர்த்தம். அதனால் இது வீட்டை விட்டு வெளியே போகாது.

எனக்கு முப்பத்தொன்பது வயது. இந்த ஷூ கம்பெனியில் பதினாறு வருடம். அதில் ஒன்பது வருடம் கிளிக்கிங் செக்‌ஷனுக்கு சூப்பர்வைசர். கிளிக்கிங் என்றால், தோலை மேசையில் விரித்து, அதன் மேல் அச்சுக் கத்தியை வைத்து, பிரஸ்ஸை இறக்கி ஷூவுக்கான துண்டுகளை வெட்டுவது. எட்டு மெஷின், எட்டுப் பெண்கள். இத்தனை வருடமாக எனக்கு இங்கிலீஷ் வேண்டியிருக்கவில்லை. நாலாம் நம்பர் மெஷினில் குமுதவல்லிக்கு இடது கையில் இரண்டு விரல் போய் இன்றைக்கு ஆறாவது நாள். இப்போது திடீரென்று வேண்டியிருக்கிறது. எனக்கு இது நல்லதாகப் படவில்லை.

ஜூன் 4, செவ்வாய்

நினைத்தது சரி. காலையில் ஹெச்.ஆர். நவநீதன் சார் கூப்பிட்டு அனுப்பினார்.

25ஆம் தேதி, நம்மிடம் ஷூ வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள். அதற்குள் விபத்து அறிக்கை தயாராக வேண்டும். அதற்கென்று ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள். ஒன்றன்கீழ் ஒன்றாக ஐந்து கட்டம். ஒவ்வொரு கட்டத்தின் மேலும் 'ஏன்?' என்று இங்கிலீஷில் போட்டிருக்கிறது. விபத்து ஏன் நடந்தது என்று முதல் கட்டத்தில் எழுத வேண்டும். அது ஏன் அப்படி ஆனது என்று இரண்டாவதில். இப்படியே ஐந்து வரைக்கும் தோண்டிக்கொண்டு போனால் அடியில் உண்மையான காரணம் கிடைக்குமாம்.

"செக்‌ஷன் சூப்பர்வைசர் தன் கையால எழுதணும், இங்கிலீஷ்ல. இப்ப அப்படித்தான் கேக்கறாங்க. நாங்க டைப் பண்ணிக் குடுத்தா நம்ப மாட்டேங்கறாங்க" என்றார்.

"அதுக்குத்தான் கிளாசா சார்?"

"கிளாஸ் எல்லாருக்கும்தான் மேடம்."

"குமுதாவ இன்னா சார் பண்ணப் போறீங்க?"

"ரிப்போர்ட் என்ன சொல்லுதோ அதுதான். ஆபரேட்டர் தப்புன்னு வந்தா ரூல்படி திரும்ப எடுக்க முடியாது. வேற காரணம்னா லைட் ஒர்க் குடுத்து உக்கார வெப்போம்."

குமுதாவுக்கு இருபத்தைந்து வயது. வீட்டில் அவள் சம்பளம் மட்டும்தான். இரண்டு விரல் இல்லாத கையோடு போய் நின்றால் இந்த வட்டாரத்தில் எந்தக் கம்பெனியில் கேட்டைத் திறப்பார்கள்?

நடந்தது இதுதான். பிரஸ்ஸுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பட்டன். இரண்டு கையாலும் இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே இருக்கக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு நாலாம் நம்பரில் இடது பட்டன் இடுக்கில் ஒரு தோல் துண்டு செருகியிருந்தது. அதனால் பட்டன் அமுங்கியபடியே நின்றது. குமுதாவின் இடது கை அச்சுக் கத்தியின் மேல் இருக்க, வலது கை மற்ற பட்டனை அமுக்கிவிட்டது. மெக்கானிக் துண்டைப் பிடுங்கி எடுத்தான். அதை யார் வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.

அந்தத் துண்டை நவநீதன் சார் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு மேசை டிராயரில் வைத்திருக்கிறார். என்னிடம் பேசும்போது இரண்டு முறை டிராயரைத் திறந்து மூடினார். எதற்காக? பேனா மேசை மேலேயே இருந்தது.

ஜூன் 6, வியாழன்

இன்றைக்குக் காரணத்தையும் விளைவையும் சேர்க்கிற சொற்கள். தேர்ஃபோர், ஹென்ஸ், கான்சிக்வென்ட்லி, ஆஸ் எ ரிசல்ட், டியூ டு, ஓயிங் டு. பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டரில் 'எனக்குக் காய்ச்சல், ஆகையால்' என்று எழுதுவோமே, அதற்குப் பிறகு வாழ்நாளில் அந்த ஆகையாலைத் தொட மாட்டோமே, அந்த மாதிரிச் சொற்கள்.

"ரிப்போர்ட்ல 'சோ, சோ'ன்னு எழுதாதீங்க, அது வாயால பேசறது" என்றாள் பர்ஹானா மிஸ். "ஆனா தேர்ஃபோர் போட்டா, முன்னாடி சொன்னதுல இருந்து பின்னாடி சொல்றது நெஜமா வரணும். வரலன்னா போடாதீங்க. ரெண்டு துண்ட ஒட்டறதுக்கு அது பசை கிடையாது."

இரண்டு கிண்ணம் கொண்டுவந்திருந்தாள். ஒன்றில் காரணச் சீட்டு, மற்றதில் விளைவுச் சீட்டு. தையல் செக்‌ஷன் லோகநாயகிக்கு 'மழை பெய்தது' வந்தது. அவள் பல்லைக் காட்டிக்கொண்டு 'வண்டி தாமதம்' என்ற சீட்டை எடுத்துச் சேர்த்தாள். எனக்கு வந்த சீட்டு: 'ஆபரேட்டர் விதியை மதிக்கவில்லை.' ஆறு பேர் இருக்கும்போது எனக்கு ஏன் அது வர வேண்டும்? விளைவுக் கிண்ணத்தைக் கிளறினேன். 'விபத்து நடந்தது' அடியில் கிடந்தது. நடுவில் தேர்ஃபோர் வைத்துச் சேர்த்தேன்.

"வெரி குட், தபித்தா மேடம்!" என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

சீட்டெல்லாம் யார் எழுதியது என்று கேட்டேன். "நவநீதன் சார் பழைய ரிப்போர்ட்டுங்க குடுத்தாரு. அதுல இருந்து எடுத்தேன்" என்றாள். ஆக, இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு செய்கிறார்கள்.

ஜூன் 8, சனி

வீட்டுப்பாடம் பத்து வாக்கியம். காஸ் தீர்ந்தது, தேர்ஃபோர் இட்லி இல்லை. டியூ டு மாமியார் போன், பால் பொங்கி வழிந்தது. இங்கிலீஷில் எழுதினால் என் சமையல்கட்டுகூடக் கலெக்டர் ஆபீஸ் மாதிரி தெரிகிறது. சேலத்தில் ஹாஸ்டலில் இருக்கும் மகளுக்கு போனில் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

இவருக்கு இன்றைக்கு லீவு. இவர் என்றால் என் வீட்டுக்காரர் தேவசகாயம், டவுன் பஸ் கண்டக்டர். லீவு நாளில் காய் நறுக்குவது அவர் வேலை.

"ரெண்டு மாசமா சொல்றேன், இந்த அரிவாமணையில வெண்டக்காகூட அறுபட மாட்டேங்குது. இதுல இன்னாத்த அறுத்த நீ?" என்றார்.

சாணை பிடிக்கிறவன் வந்தால் கொடுக்க வேண்டும்.

ஜூன் 9, ஞாயிறு

சர்ச்சில் பாஸ்டர் குமுதாவின் பேரைச் சொல்லி ஜெபம் பண்ணினார். வெளியே வந்ததும் நாலு பேர், "போய்ப் பாத்தியா தபித்தா?" என்று கேட்டார்கள். வேலூர் ஆஸ்பத்திரி, பஸ்ஸில் ஏற முடியாத கூட்டம் என்றேன். இவர் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "கூட்டமா? ஞாயித்துக்கெழம வண்டி ஈயாடிக்கினு போவுது" என்றார். நாலு பேருக்கு முன்னால் பெண்டாட்டியை விட்டுக்கொடுக்கிற பேச்சா இது? இவருக்கும் என்னவோ ஆகியிருக்கிறது.

ஜூன் 12, புதன்

குமுதா வீட்டுக்கு வந்துவிட்டாள். செக்‌ஷனில் ஏழு பேரும் போய்ப் பார்த்தார்கள். நான் போகவில்லை. ஸ்டாக் எடுக்கிற வேலை இருந்தது.

ஜூன் 13, வியாழன்

போய்ப் பார்த்து வந்த ஏழு பேரும் என்னிடம் சரியாகப் பேசவில்லை. நான் கிட்டே போனால் பேச்சு நின்றுவிடுகிறது. ஆறாம் நம்பர் மெஷின்காரி என்னைப் பார்த்ததும் தண்ணீர் குடிக்கப் போனாள். குமுதா என்ன சொல்லி அனுப்பியிருக்கிறாள்?

பட்டனில் செருகுகிற அந்தத் துண்டுக்குச் செக்‌ஷனில் மூணாங்கை என்று பேர். தோலையும் கத்தியையும் நகர்த்த ஒரு கை, பட்டனுக்கு ஒரு கை, இன்னொரு பட்டனுக்கு இது. எல்லாக் கம்பெனியிலும் நடப்பதுதான், புதிதில்லை. விபத்து நடந்த அன்று மதியமே மீதி ஏழு மெஷினிலும் இருந்ததைப் பிடுங்கிக் குப்பையில் போட்டேன். இன்னொருத்திக்கு ஆகிவிடக் கூடாது என்றுதான் செய்தேன். அதையும் தப்பாக எடுத்துக்கொண்டார்களோ என்னவோ. ஏழு மெஷினிலும் இருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

இரண்டு கையும் வைத்து வெட்டினால் ஷிஃப்டுக்குத் தொள்ளாயிரம் வெட்டுதான் வருகிறது. ஆபீஸ் கேட்பது ஆயிரத்து முன்னூறு. அதற்கும் தினமும் நான்தான் பதில் சொல்கிறேன்.

ஜூன் 14, வெள்ளி

நவநீதன் சார் ஒரு தாளை நீட்டினார். அதே படிவம், ஐந்து கட்டமும் பென்சிலால் நிரப்பியிருந்தது.

"மாடல்தான் மேடம். கஷ்டப்படாதீங்க. பேனாவால உங்க எழுத்துல எழுதி, கீழ சைன் பண்ணிடுங்க."

டிக்‌ஷனரி வைத்துக்கொண்டு படித்தேன். ஆபரேட்டர் பட்டனில் துண்டு வைத்ததால் விபத்து. ஆபரேட்டருக்கு அஜாக்கிரதை என்பதால் துண்டு வைத்தார். ஆபரேட்டர் பயிற்சியில் கவனம் செலுத்தாததால் அஜாக்கிரதை. இப்படியே இறங்கி, கடைசியில் மறுபடி டியூ டு ஆபரேட்டர் நெக்லிஜென்ஸ். ஐந்து கட்டத்திலும் குமுதாதான் இருந்தாள். வேறு ஒருத்தரும் இல்லை.

எனக்கு மனசு லேசாகிவிட்டது. மறைப்பானேன், உண்மையாகவே லேசாகிவிட்டது. டீ குடித்து, ஒரு வடைகூடத் தின்றேன். பிறகுதான் யோசனை வந்தது. அவர் எழுத்து பென்சிலில் இருக்கிறது, ரப்பர் போட்டால் போய்விடும். என் எழுத்து பேனாவில் இருக்கும்.

கேட்டே விட்டேன். "அந்த டிராயர்ல கீற துண்டு, சார்?"

"ரிப்போர்ட் முடிஞ்சதும் தூக்கிப் போட்டுடலாம்" என்றார். "பச்சைத் தோல் மேடம் அது. இந்த வருஷம் எந்த ஆர்டர்லயும் பச்சை ஓடல. சாம்பிள் ரூம்ல மட்டும்தான் இருந்துது." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

சாம்பிள் அறைச் சாவி சூப்பர்வைசர்களிடம் மட்டும்தான் இருக்கிறது.

ஜூன் 16, ஞாயிறு

டைரியை அரிசி டிரம்முக்குள் வைத்து, பக்கத்துக்கு நடுவில் ஒரு தலைமுடி வைத்திருந்தேன். முடியைக் காணோம். இந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர். டைரியைத் துணிப் பெட்டிக்கு அடியில் மாற்றிவிட்டேன். ஒன்றும் தெரியாதது மாதிரி அவருக்கு மீன் குழம்பு ஊற்றினேன். அவரும் ஒன்றும் தெரியாதது மாதிரி சாப்பிட்டார்.

ஜூன் 18, செவ்வாய்

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு பர்ஹானா மிஸ் என்னை நிறுத்தினாள். மேடம் போய் அக்கா வந்துவிட்டது.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா? சார் குடுத்த ரிப்போர்ட் எல்லாத்தையும் படிச்சேன். நாலு வருஷத்துல பன்னண்டு ஆக்ஸிடென்ட். பன்னண்டுலயும் அஞ்சாவது கட்டத்துல ஆபரேட்டர் நெக்லிஜென்ஸ்தான் இருக்கு. வேற வேற ஆளு, வேற வேற மெஷினு. காரணம் மட்டும் எப்படிக்கா ஒண்ணே வரும்?"

"எனக்கு இன்னா மிஸ் தெரியும்? நீங்க இங்கிலீஷ் சொல்லிக்குடுக்க வந்திருக்கீங்க."

"இங்கிலீஷ்தான்க்கா சொல்றேன். முதல் கட்டத்துக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல ஒரு படியே காணோம். அஜாக்கிரதையா இருந்தா துண்ட மறந்து எடுக்காம விட்டேன்னு சொல்லலாம். அளவா வெட்டி எடுத்துக்கினு வந்து செருகறது எப்படிக்கா அஜாக்கிரதை?"

யார் அனுப்பி இவள் என் வாயைப் பிடுங்குகிறாள்? நவநீதன் சாரா, அந்த வெளிநாட்டுக்காரர்களா? பஸ் வந்துவிடும் என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன். அளவாக வெட்டியது என்று அவளுக்கு யார் சொன்னது?

ஜூன் 19, புதன்

பென்சில் தாளைப் பார்த்துப் பேனாவால் ஐந்து கட்டத்தையும் எழுதி முடித்தேன். கையெழுத்து மட்டும் இன்னும் போடவில்லை. பேனாவில் மை சரியாக வரவில்லை.

ஜூன் 21, வெள்ளி

இவர் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார். "டிரம்முல அரிசி எடுக்கும்போது உன் டைரி கெடச்சுது. படிச்சேன்."

"யாரக் கேட்டுப் படிச்சீங்க?"

"யாரையும் கேக்கல. டீச்சர் பொண்ணு, ஆபீசரு, குமுதா, கூட வேல செய்யற பொண்ணுங்க, கடைசியா நானு. ஒருத்தர் பாக்கியில்லாம சந்தேகப்பட்டு எழுதியிருக்க. ஈஸ்டர் முடிஞ்ச மறு ஞாயித்துக்கெழம சமையக்கட்டுல உக்காந்து, அரிவாமணையில பச்சத் தோல எட்டு துண்டா அறுத்தியே. ஷூவுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ சின்னத் துண்டுன்னு நான்கூடக் கேட்டேன். அத்த மட்டும் அதுல காணமே?"

டிக்கெட் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். சாப்பாட்டு டப்பா மேடையிலேயே இருக்கிறது.

எட்டு இல்லை. ஒன்பது. ஒன்று அளவு சரியாக வராமல் தூக்கிப் போட்டேன்.

ஜூன் 23, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகாமல் குமுதா வீட்டுக்குப் போனேன். பேர்ணாம்பட்டு போகிற வழி. ஏறிய பஸ்ஸில் இவர்தான் கண்டக்டர். எங்கே என்று கேட்கவில்லை. டிக்கெட்டைக் கிழித்துக் கையில் வைத்து, ஜன்னல் ஓரமாக ஒரு சீட்டைக் காட்டினார். பஸ்ஸில் கூட்டமே இல்லை.

குமுதா வாசற்படியில் உட்கார்ந்து முறத்தில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கட்டுப் போட்ட இடது கையால். மிச்சம் இருக்கிற விரல்களால் ஒரு கல்லைப் பிடிக்கப் பார்த்தாள், நழுவியது, மறுபடி பிடித்தாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"வருவீங்கன்னு தெரியும்க்கா. அம்மாகிட்ட சொல்லிக்கினே இருந்தேன். பாருங்க, பழகறேன். செக்கிங் டேபிள்ள பீஸ் எடுத்துப் பாக்கறதுக்கு இது போதும்ல?"

அவள் அம்மா கலர் சோடா வாங்கி வந்து கொடுத்தார்கள். குடித்தேன்.

"ஆபீஸ்ல இருந்து வந்து கேட்டாங்கக்கா. நானே வெட்டிக்கினு வந்து நானே வெச்சேன்னு சொல்ட்டேன்."

"இன்னாத்துக்குடி அப்டி சொன்ன?"

"உங்க பேரு வந்தா உங்கள எடுத்துருவாங்க. அப்புறம் எனக்காக உள்ள பேச யாரு கீறாங்க? நீங்க இருந்தாத்தான என்னத் திரும்ப சேத்துக்குவாங்க? நீங்க சொன்னா கேப்பாங்கல்லக்கா?"

செக்‌ஷன் பெண்கள் என்னிடம் பேசுவதில்லையே, நீ ஏதாவது சொன்னாயா என்று கேட்டேன். "ஆமாங்க்கா. அக்கா மனசு ஒடிஞ்சி கெடப்பாங்க, யாரும் அதப்பத்திப் பேசிக் கஷ்டப்படுத்தாதீங்கன்னு சொல்லி அனுப்புனேன்" என்றாள்.

என் பையில் அந்தத் தாள் இருந்தது. ஐந்து கட்டத்திலும் அவள். பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். எழுந்து வரும்போது அவள் அம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதேன். முன்சீட்டுக்காரி திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

ஜூன் 24, திங்கள்

இதை இங்கேயே எழுதிவிடுகிறேன். இனிமேல் ஒளித்து வைக்க இடமில்லை.

ஏப்ரல் முதல் வாரத்தில் நவநீதன் சார் கூப்பிட்டு, வெளிநாட்டுக் கம்பெனி சரக்கைப் பதினோரு நாள் முன்னதாகக் கேட்கிறது, தொள்ளாயிரம் போதாது, ஆயிரத்து முன்னூறு வேண்டும் என்றார். முடியாது சார் என்றேன். "எப்படின்னு நான் கேக்கல மேடம். நீங்க சீனியர். உங்களுக்கு வழி தெரியும்" என்றார். தெரியும். நான் மெஷினில் இருந்த காலத்தில் வேறொரு சூப்பர்வைசர் எனக்குக் கொடுத்த வழி. சாம்பிள் அறையில் வீணாகக் கிடந்த பச்சைத் தோலை வீட்டுக்குக் கொண்டுவந்து வெட்டினேன். எட்டுப் பேருக்கும் நானே கொடுத்தேன். குமுதா வேண்டாம் என்றாள். "பயமா கீதுக்கா" என்றாள். "பதினாறு வருசமா எனக்கு இன்னா ஆச்சு?" என்று சொல்லி, அவள் மெஷினில் நானே செருகினேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், நடந்தது முழுவதையும் முதலில் தமிழில் எழுதினேன். பிறகு புதுப் படிவத்தில் இங்கிலீஷில். ஐந்து கட்டம். இடது பட்டன் அமுங்கியே இருந்ததால் கை உள்ளே இருக்கும்போது பிரஸ் இறங்கியது. சூப்பர்வைசர் தபித்தா தோல் துண்டு வெட்டி வந்து செருகியதால் பட்டன் அமுங்கியே இருந்தது. ஒரு கையால் வேகமாக வெட்ட வேண்டியிருந்ததால் செருகினார். வெட்டு தொள்ளாயிரத்திலிருந்து ஆயிரத்து முன்னூறாக ஏற்றப்பட்டதால் வேகம் வேண்டியிருந்தது. ஐந்தாவது: ஷூ வாங்குகிற கம்பெனி சரக்கைப் பதினோரு நாள் முன்னதாகக் கேட்டது, தேர்ஃபோர் வெட்டு ஏற்றப்பட்டது.

கடைசி வகுப்பு முடிந்ததும் பர்ஹானா மிஸ்ஸிடம் காட்டினேன். நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்தவள் உட்கார்ந்துவிட்டாள்.

"பட்டன்ல இருந்து எடுத்தத சார் எனக்குக் காட்டினாருக்கா. ஓரமெல்லாம் அவ்ளோ நேரா இருந்துச்சு. யாரோன்னு நெனச்சேன்" என்றாள். பிறகு, "இதக் குடுத்தா உங்க வேல?"

"போனா போவட்டும்னு வாயில வரல மிஸ். பயமா கீது. இங்கிலீஷ் சரியா இருக்குதா, அத்த மட்டும் பாருங்க."

இரண்டு இடத்தில் ஆஸ் எ ரிசல்ட் வந்திருந்தது. ஒன்றைக் கான்சிக்வென்ட்லி ஆக்கினாள். வேறு எதையும் தொடவில்லை. இந்தப் பெண்ணை மூன்று வாரம் வேவு பார்க்க வந்தவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்து பழைய தாளைக் கிழித்து அடுப்பில் காட்டி எரித்தேன்.

ஜூன் 25, செவ்வாய்

வெளிநாட்டுக்காரர் ஒருவர், சென்னையிலிருந்து ஒரு அம்மாள். அறிக்கையை சூப்பர்வைசர் தன் கையால் கொடுக்க வேண்டும் என்றார்கள். கொடுத்தேன். நவநீதன் சார் சிரித்த முகமாக நின்றார். அந்த அம்மாள் இரண்டாவது கட்டத்துக்கு வந்ததும் சத்தமாகப் படித்தார். சாரின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"மேடம் கன்ஃப்யூஸ் ஆயிட்டாங்க. இங்கிலீஷ் புதுசு" என்றார்.

"நோ கன்ஃப்யூஷன் சார்" என்றேன். அவ்வளவுதான் வந்தது, ஆனால் அது போதுமாக இருந்தது.

வெளிநாட்டுக்காரர் என்னைப் பார்த்து, "யூ கட் இட்?" என்றார்.

"எஸ் சார். ஐ கட். நைன் பீசஸ்."

அவர் மூன்று, நான்கு என்று தலையாட்டிக்கொண்டே படித்தார். ஐந்தாவது கட்டத்தில் தலை நின்றது. சென்னை அம்மாளிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அம்மாள் என் பக்கம் திரும்பி, "ரொம்ப நேர்மையா எழுதியிருக்கீங்கம்மா. ஆனா இந்த அஞ்சாவது எங்க வரம்புக்குள்ள வராது. நாலு காரணமே போதும்" என்றார். பையிலிருந்து ஸ்கேலை எடுத்து, ஐந்தாவது கட்டத்தின் மேல் நேராக ஒரு கோடு போட்டார். அழகான கோடு.

ஜூன் 28, வெள்ளி

குமுதாவைத் திரும்ப எடுக்கிறார்கள். செக்கிங் டேபிள். என்னை சூப்பர்வைசர் வேலையிலிருந்து இறக்கி நாலாம் நம்பர் மெஷினில் போட்டிருக்கிறார்கள். இவரிடம் சொன்னேன். அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய், சாணை பிடித்துக்கொண்டு வந்தார்.

ஜூலை 15, திங்கள்

செக்‌ஷன் சுவரில் புதிதாக ஒரு போஸ்டர். இரண்டு கையும் இரண்டு பட்டனில் இருக்கிற படம், கீழே இங்கிலீஷில் நாலு வரி. எட்டுப் பேரில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். வெட்டு இன்னும் ஆயிரத்து முன்னூறுதான், ஒன்றுகூடக் குறையவில்லை.

தையல் செக்‌ஷன் லோகநாயகியை இப்போது எங்களுக்கு சூப்பர்வைசராகப் போட்டிருக்கிறார்கள். பதினோரு மணிக்கு வந்து, வெட்டுக் கணக்கு எழுதுகிற என் கார்டைப் பார்த்தாள்.

"அக்கா, உங்களுக்கு நான் சொல்லணுமா? மேல கத்தறாங்க. எப்டியாவது முடிங்க, நான் இந்தப் பக்கம் பாக்கல" என்றாள். போகும்போது தோல் அடுக்கின் மேல் என்னவோ வைத்துவிட்டுப் போனாள்.

எடுத்துப் பார்த்தேன். இந்த முறை பழுப்பு நிறம். அளவு கச்சிதமாக இருந்தது, என்னைவிட நன்றாகவே வெட்டியிருக்கிறாள்.

எழுந்து நின்றேன். "லோகநாயகி, உன் சாமான் இங்க விழுந்து கெடக்குது பாரு!" என்று செக்‌ஷன் முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிட்டேன். எட்டு மெஷினும் நின்றன. செக்கிங் டேபிளிலிருந்து குமுதா நிமிர்ந்து பார்த்தாள். லோகநாயகி வந்து வாங்கிக்கொண்டு போனாள். முகம் சுண்டிப் போயிருந்தது. பாவம், ஏப்ரல் மாதம் என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

உட்கார்ந்து இரண்டு கையையும் இரண்டு பட்டனிலும் வைத்தேன். சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் எண்ணூற்று எழுபது வெட்டு. கார்டின் அடியில், குறைந்ததற்குக் காரணம் என்று ஒரு இடம் உண்டு. பதினாறு வருடத்தில் யாரும் அதை நிரப்பி நான் பார்த்ததில்லை. குமுதாவிடம் பேனா வாங்கி இங்கிலீஷில் எழுதினேன்: டியூ டு போத் ஹேண்ட்ஸ். இரண்டு கையும் வைத்த காரணத்தால். கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.